கம்பியைத் தட்டிய டிரைவிங் ஆசான்

டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஸ்டியரிங் கிடையாது. காலடியில ஒரு கிளட்ச், ஒரு பிரேக், முகத்துல ஒரு வாய், அவ்வளவுதான் அவன் ஆயுதம். கிளட்சையும் பிரேக்கையும் வருஷா வருஷம் சர்வீஸுக்கு விடுவோம். வாயை யாரும் விடுறதில்லை. அந்த வாயோட நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போறேன்.

நான் பீர்மேட்டுக்காரன். தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம். தொழிலாளிங்க வரிசை வீடான லயத்துல பிறந்து, எஸ்டேட் ஜீப்புக்குக் கிளீனராப் போய், டிரைவராகி, இப்ப டவுன்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கார் ஆசான். கேரளாவுல டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவனை ஆசான்னுதான் கூப்பிடுவாங்க. கேட்கும்போது என்னமோ களரி பழகிக்கொடுக்கிறவன் மாதிரி கம்பீரமா இருக்கும். உள்ள வந்து உட்கார்ந்து பார்த்தா, முட்டி இடிக்கிற சின்னக் கார்ல, அடுத்தவன் போடுற கியருக்கு நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்பேன்.

ஞாயித்துக்கிழமை கோயில்ல முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இனிமே இல்லை"ன்னு கண்ணீர் விட்டுட்டு, திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள அதையே திரும்பச் செய்யுற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா? அப்ப வாங்க, பக்கத்துல உட்காருங்க. உங்களுக்குக் குடியா இருக்கலாம், பொறாமையா இருக்கலாம், போன்ல பார்க்கக் கூடாததைப் பார்க்கிறதா இருக்கலாம். எனக்குக் கோபம். இந்தக் கோபக்காரன் கதை நீதிமான் கதையா முடியும். சிரிக்காதீங்க, கேளுங்க.

பின்னாடி ஒட்டின ஸ்டிக்கர்

தொழில் பழகினது பாலக்காட்டுப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல இருந்தேன். பொள்ளாச்சி போற ரோடு. ரெண்டு பக்கமும் தென்னை, வளைவே கிடையாது. அந்த நேர் ரோட்டுலயே எனக்குக் கோபம் வந்துச்சுன்னா மலை ரோட்டுல எப்படி இருந்திருப்பேன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அங்க பழனிசாமின்னு ஒரு அண்ணன் பழக வந்தார். தோப்புக்காரர், அறுபது வயசு, ஆயுசெல்லாம் டிராக்டர் ஓட்டினவர். கார் கிளட்சையும் டிராக்டர் கிளட்ச் மாதிரியே ஓங்கி மிதிப்பார். வண்டி தவளை கணக்கா குதிச்சுக் குதிச்சுப் போகும். "ஏங்க, இது காரா கலப்பையா? கியரைப் பிடுங்கிக் கொண்டுபோய் வரப்புல நடப்போறீங்களா?"ன்னு நான் கத்துவேன். மூணு நாள் மனுஷன் அப்படியே மிதிச்சுக்கிட்டிருந்தார். நாலாம் நாள் ஒரு புளியமரத்தடியில வண்டியை ஓரங்கட்டினார். இறங்கினார். மெதுவா நடந்து பின்பக்கம் போய், கண்ணாடியில நான் சிவப்பு எழுத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படிச்சார். திரும்பி வந்து, கதவைச் சாத்தி, பெல்ட்டு போட்டுக்கிட்டுச் சொன்னார்:

"ஏனுங் ஆசான், வண்டிக்குப் பின்னால இயேசு அன்பானவருன்னு போட்டிருக்குதுங்க. அவரைக் கொஞ்சம் முன்னால கூட்டியாந்து உக்கார வெச்சீங்கன்னா நானும் நிம்மதியா ஓட்டிப்போடுவனுங்க."

இறங்கிப் போனவள்

ஸ்டிக்கர் அன்னைக்கே கிழிஞ்சுது. கோபம் கிழியலை. பீர்மேட்டுக்குத் திரும்பி வந்தேன், கிரேஸைக் கட்டினேன், ரெண்டு பிள்ளைங்க ஆச்சு, தலை பாதி நரைச்சாச்சு. கோபம் மட்டும் என்கூடவே வயசாகாம வந்துச்சு.

போன வருஷம் செல்வராணி பழக வந்தாள். பக்கத்து எஸ்டேட் லயத்துக்காரி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கொழுந்து எடுக்கிற வேலையை விட்டுட்டு, வீடு வீடாப் போய் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கிற பஞ்சாயத்துப் பெண்கள் குழுவுல சேர்ந்தவள். அந்தக் குழுவுக்குப் பஞ்சாயத்து ஒரு சின்னச் சரக்கு வண்டி கொடுத்திருந்தது. வண்டி இருக்கு, ஓட்ட ஆள் இல்லை. வர்ற டிரைவர் நினைச்சா வருவான், இல்லைன்னா வரமாட்டான். வராத நாள்ல இந்தப் பொம்பளைங்க ஆளுயர மூட்டையைத் தலையில வச்சு மலையிலிருந்து ரோடு வரைக்கும் இறக்கணும். நம்மளுக்குள்ளயே ஒருத்தி லைசென்ஸ் எடுக்கட்டும்னு முடிவு பண்ணி இவளைத் தேர்ந்தெடுத்தாங்க. பிள்ளையை ஒண்ணாம் கிளாஸ்ல சேர்க்க வந்த மாதிரி மத்த ஆறு பேரும் கூடி வந்து எங்க ஆபீஸ் வாசல்ல விட்டுட்டுப் போனாங்க.

சமதரையில நல்லாவே ஓட்டினாள். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிறதுதான் வரலை. அரைக் கிளட்ச்சுல வண்டியைத் தாங்கிப் பிடிச்சு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஆக்சிலேட்டர் கொடுக்கணும். இவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஆஃப் ஆகும், வண்டி பின்னாடி உருளும். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதிச்சுக்கிட்டே, "கிளம்பு! பின்னாடி வண்டி நிக்குது, கிளம்பு!"ன்னு கத்துவேன். அது என் பாட்டு. என்கிட்டப் பழகின அத்தனை பேருக்கும் அந்த வரி மனப்பாடம். அன்னைக்கு ஒரு வளைவுல அஞ்சு தடவை ஆஃப் ஆச்சு. பின்னாடி அரசு பஸ் ஹார்ன் அடிக்குது. எனக்குத் தலைக்கேறிடுச்சு. "நீயெல்லாம் மூட்டை சுமக்கத்தான் லாயக்கு!"ன்னு சொல்லிட்டேன்.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அதுவரைக்கும் ஒழுங்கா இழுக்கத் தெரியாதவள், அன்னைக்கு அவ்வளவு சரியா இழுத்தாள். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. இறங்கி, சன்னல்ல குனிஞ்சு சொல்லிட்டு, திரும்பிப் பார்க்காம ரோட்டோரமா நடந்து போனாள். சொன்னது இதுதான்:

"ஆசானே, கொழுந்துக் காட்டுல கங்காணி ஏசுனதையெல்லாம் கேட்டாச்சு. இனி ஒருத்தர்கிட்டயும் ஏச்சு வாங்கக் கூடாதுன்னுதான் இந்த ஸ்டியரிங்கப் பிடிக்க வந்தேன்."

யார் நட்ட கம்பி

செல்வராணியும் நானும் ஒரே சபை. எங்க பக்கத்துச் சபைகள்ல போதகரை ஐயர்னு சொல்லுவோம். ஒரே ஐயர் அஞ்சு எஸ்டேட் கோயிலைப் பார்க்கணும். அதனால எங்க கோயில்ல அப்பமும் திராட்சரசமும் வாங்குற நற்கருணை மாசத்துக்கு ஒரு தடவைதான். முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை, மறுநாள் பந்தி. அந்த மாசம் எல்லாரும் எழும்பிப் போனாங்க. கிரேஸ் போனாள், செல்வராணி போனாள். நான் பெஞ்சுல உட்கார்ந்தே இருந்தேன். பெஞ்சு ஓரத்துல என் இடம். எனக்கு உள்பக்கம் இருந்த ஆம்பளைங்க வெளியே போகணும்னு முழங்காலை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தேன். இடிச்சுக்கிட்டு, நசுங்கிக்கிட்டுப் போனாங்க.

என் மண்டையில ஓடினது என்னன்னு சொல்றேன். கேரளாவுல கார் லைசென்ஸ் வாங்கணும்னா முதல்ல கிரவுண்டுல எச் போடணும். இங்கிலீஷ் எழுத்து எச் வடிவத்துல இரும்புக் கம்பிகளை நட்டு வச்சிருப்பாங்க. அதுக்குள்ள முன்னாடியும் பின்னாடியுமா வண்டியைக் கொண்டுபோய் எடுத்துட்டு வரணும். ஒரு கம்பி உரசினாலும் தோல்வி. இன்ஸ்பெக்டர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார், அடுத்த தேதிக்கு வான்னு அனுப்பிடுவார். ஆண்டவரையும் நான் அந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியில கொண்டுபோய் உட்கார வச்சுட்டேன். ஒரு நற்கருணையிலிருந்து அடுத்த நற்கருணை வரைக்கும் ஒருத்தரையும் பார்த்துக் கத்தக் கூடாது. பாஸானா பந்திக்குப் போறது, செல்வராணிகிட்டயும் தலையை நிமிர்த்தி மன்னிப்புக் கேக்குறது. கத்தினா கம்பி விழுந்துடுச்சு, அடுத்த தேதி. கத்தாத நாளுக்கு ஆபீஸ் காலண்டர்ல பென்சில்ல ஒரு கோடு.

ஏழு மாசம் இப்படி ஓடிடுச்சு. ஏழு தடவையும் கம்பி விழுந்துடுச்சு. இதுக்கிடையில அந்தப் பொம்பளைங்க எங்க ஆபீஸ் வழியா மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டுப் போவாங்க. செல்வராணியும் அதுல இருப்பாள். நான் குனிஞ்சு டயர்ல காத்து இருக்கான்னு பார்ப்பேன். எங்க கார் டயர் மாதிரி கவனிப்பு அந்த ஜில்லாவுல வேற எந்த டயருக்கும் கிடைச்சிருக்காது.

டூவீலர் சொல்லிக்கொடுக்கிற மணி என் கூட்டாளி. முருக பக்தன், வருஷம் தவறாம பழனிக்கு நடக்கிறவன். காலண்டர்க் கோடு என்னன்னு ஒருநாள் கேட்டான். நானும் பெரிய தவக்காரன் மாதிரி எல்லாத்தையும் விளக்கினேன். ஹெல்மெட்டைத் துடைச்சுக்கிட்டே முழுக்கக் கேட்டவன், கடைசியில கேட்டான்:

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கம்பியெல்லாம் உங்க ஆண்டவரு நட்டதா, இல்ல நீங்களே போய் நட்டுட்டு வந்ததா?"

டீச்சரம்மா பர்ஸிலிருந்து எடுத்தது

அஞ்சாவது மாசம்னு நினைக்கிறேன், காலண்டர்ல பத்தொன்பது கோடு விழுந்திருந்தது. என் ஆயுசு சாதனை. கிரேஸ்கூட, "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தாள். இருபதாம் நாள் ரோஸ்லின் டீச்சர் வந்தாங்க.

எனக்கு நாலாம் கிளாஸ்ல கணக்கு எடுத்தவங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தாச்சு, ஆனா ஒருநாளும் ஓட்டினதில்லை, வீட்டுக்காரர் ஓட்டுவார். இப்ப அவருக்குக் கண் மங்கிப்போச்சு. அதனால டீச்சர் ஓட்டணும். டீச்சர் ஓட்டினா சைக்கிள்காரன் முந்திக்கிட்டுப் போவான். தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா நடுரோட்டுல நிறுத்தி நலம் விசாரிப்பாங்க. பீர்மேட்டுல பாதிப்பேர் அவங்ககிட்டப் படிச்சவங்க, அப்புறம் வண்டி எங்க நகரும்? குட்டிக்கானம் போற வழியில, சரியா வளைவுல, எதிரே நடந்து வந்த ஒரு பொண்ணைப் பார்த்து பிரேக் அடிச்சு, "என்னடி, பேறுகாலம் எப்போ?"ன்னு ஆரம்பிச்சாங்க. பின்னாடி லாரி. முன்னாடி மூடுபனி. "டீச்சர்! உங்களுக்கு எவன் டீச்சர் லைசென்ஸ் கொடுத்தான்?"ன்னு அலறிட்டேன். பத்தொன்பது கோடும் போச்சு.

டீச்சர் அலட்டிக்கவே இல்லை. வண்டியை ஓரங்கட்டினாங்க. பர்ஸைத் திறந்து, புதுசு மாதிரி பளபளன்னு இருந்த லைசென்ஸை எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டினாங்க:

"எவன் கொடுத்தான்னு கேட்டியே, கொடுத்தவர் கையெழுத்து இந்தா இருக்கு. நான் ஓட்டுற லட்சணத்தைப் பார்த்துட்டு அவர் வந்து இதை அழிச்சிட்டுப் போகலையே, நீ ஏன்டா கத்துற?"

ஐயருக்கு வராத எச்

அந்தச் சமயத்துலதான் எங்க சபைக்குப் புது ஐயர் வந்தார். முப்பத்தொரு வயசு, என்னைவிடப் பதினாறு வயசு இளையவர். அஞ்சு கோயிலுக்கும் பஸ்ஸுலயும் ஜீப்புலயும் தொத்திக்கிட்டுப் போய், பாதி நாள் மழையில நனைஞ்சு அங்கியைப் பிழிஞ்சு மாட்டிக்கிட்டு ஆராதனை நடத்துவார். பார்க்கப் பொறுக்காம சபை சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்துச்சு. மனுஷனுக்கு ஓட்டத் தெரியாது. "நம்ம ஆசான் இருக்காரே"ன்னு கமிட்டிக்காரங்க அவரை என் தலையில கட்டினாங்க. எனக்கு வேர்த்துப்போச்சு. மாசாமாசம் பந்திக்கு எழும்பாத ஒரே ஆள் நான்னு அவருக்குத் தெரியும். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கமாட்டார். கேட்டிருந்தா ஏதாச்சும் சாக்குச் சொல்லியிருப்பேன்.

ஒரு கூத்தைச் சொல்லணும். ஐயர் எவ்வளவு மோசமா ஓட்டினாலும் எனக்குக் கோபமே வரலை. "பரவாயில்லைங்கய்யா, இன்னொரு தடவை பார்ப்போம்"னு என் வாயிலிருந்து தேன் ஒழுகுது. ரெண்டு வாரம் இதைப் பார்த்துட்டு, எனக்கே என்மேல அருவருப்பாயிடுச்சு. ஐயர்கிட்ட அடங்குற வாய் செல்வராணிகிட்ட ஏன் அடங்கலை? அவள் லயத்துக்காரி, குப்பை எடுக்கிறவள், அதுதானே? நான் கோபம்னு பேர் வச்சிருந்ததுக்குள்ள அதைவிட அசிங்கமா ஒண்ணு இருந்திருக்கு. பென்சில் கோட்டுல அடங்குற சங்கதி இல்லை இது. அந்த மாசம் நான் ஆயத்த ஆராதனைக்குக்கூடப் போகலை.

ஐயர் எச் டெஸ்ட்ல ரெண்டு தடவை தோத்தார். மூணாவது தேதிக்கு முன்னாடி கிரவுண்டுல காலையிலிருந்து பழகுறோம். "கண்ணாடியில மூணாவது கம்பி தெரிஞ்சதும் ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க"ன்னு நூறு தடவை சொல்லியாச்சு. தெரிஞ்சதும் ஒடிப்பார், ஆனா எதிர்ப்பக்கம் ஒடிப்பார். ஆறு தடவையும் கம்பி விழுந்துச்சு. மணி ஓரமா நின்னு கம்பியைத் திரும்பத் திரும்ப நட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில நானே உட்கார்ந்து ஒருதரம் போட்டுக் காட்டினேன். ஒரு கம்பி அசையலை. பக்கத்து சீட்டுல இருந்த ஐயர் பெருமூச்சு விட்டார்.

"ஆசானே, பேசாம என் பேர்ல நீங்களே போட்டுட்டு வந்துருங்களேன். பாஸ் சீட்டை மட்டும் என் கையில குடுத்துருங்க."

"ஐயையோ, அது ஆள்மாறாட்டம்யா. ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. அவனவன் எச்சை அவனவன்தான் போட்டாகணும்."

ஐயர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்புறம் அவர் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்:

"கிரவுண்டுல அது சரிதான் ஆசானே. ஆனா மாசாமாசம் பீடத்துல அப்பத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் சொல்றது வேற என்னன்னு நெனச்சீங்க?"

அவள் பக்கத்துப் பிரேக்

ஐயர் பஸ் ஏறிப் போனப்புறம் நான் கிரவுண்டுல காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன். "உங்களுக்காகப் பிட்கப்படுகிற என் சரீரம்"னு சின்ன வயசுலயிருந்து கேட்ட சங்கதிதான், பாட்டாப் பாடின சங்கதிதான், ஆனா என் தொழில் பாஷையில யாரும் சொன்னதில்லை. எனக்குப் பதிலா ஒருத்தர் உட்கார்ந்து, ஒரு கம்பி அசையாம எச் போட்டு முடிச்சு, சீட்டை என் பேர்ல எழுதிக் கொடுத்திருக்கார். நம்ம கிரவுண்டுல அது குத்தம். கல்வாரிச் சிலுவையில அதுதான் சுவிசேஷம். நான் என்னடான்னா சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, "சார், இன்னொரு தேதி கொடுங்க சார்"னு ஏழு மாசமா வரிசையில நின்னிருக்கேன். செல்வராணியும் என்னால ஏழு மாசமா மூட்டை சுமக்கிறாள். நான் நல்லவனாகுற வரைக்கும் அவள் காத்திருக்கணுமா?

மறுநாளே அந்தப் பொம்பளைங்க பிளாஸ்டிக் பிரிக்கிற ஷெட்டுக்குப் போனேன். ஏழு பேரும் இருந்தாங்க. பால் கவரைத் தனியா, பாட்டிலைத் தனியாப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்த கை எல்லாம் நின்னுபோச்சு. அவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன்: "செல்வராணி, நான் அன்னைக்குச் சொன்னது பாவம். உன்னை இளப்பமா நெனச்சுத்தான் சொன்னேன். மன்னிச்சுக்கம்மா. திரும்பப் பழக வா."

அவள் கையுறையைக் கழட்டாமயே கேட்டாள்: "இனிமே ஏச மாட்டீகளா?" மாட்டேன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. ஏழு மாசக் காலண்டர் கண்ணு முன்னாடி நின்னுச்சு. "ஏசாம இருக்க ஆண்டவர்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா வாய் தவறும்னுதான் நெனைக்கிறேன். தவறினா, வண்டியை நிப்பாட்டிரு. உன் பக்கமும் பிரேக் இருக்குல்ல, நான் மன்னிப்புக் கேக்குற வரைக்கும் எடுக்காதே"ன்னேன். மத்த ஆறு பேரும் அவள் முகத்தைப் பார்த்தாங்க. அவள் ஒரு பாட்டிலை நசுக்கிச் சாக்குல போட்டாள்.

"சரி, வாரேன். ஆனா உங்கள நம்பி இல்ல ஆசானே, என் பக்கத்துப் பிரேக்கை நம்பி."

பின்னாடி நிற்கிற வண்டி

மூணு வாரம் நல்லாப் போச்சு. ஏத்தத்துல எடுக்கிறதும் அவளுக்குப் பழகிடுச்சு. நானும் கோடு போடுறதை விட்டுட்டேன். காலண்டர்ல இப்ப டெஸ்ட் தேதி மட்டும்தான் இருக்கு.

நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை. அதே வளைவு, அதே ஏத்தம். விதியைப் பாருங்க, பின்னாடி அதே மாதிரி ஒரு அரசு பஸ். அவளுக்குப் பழைய பயம் வந்துடுச்சு போல, வண்டி ஆஃப் ஆகிப் பின்னாடி உருண்டுச்சு. எனக்கும் பழைய பேய் வந்துடுச்சு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே, "கிளம்பு! பின்னாடி வண்டி நிக்குது, கிளம்பித் தொலை!"ன்னு கத்திட்டேன். செல்வராணி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியை உருவினாள். சாவியை மடியில வச்சு, கையைக் கட்டிக்கிட்டு, நேரே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துட்டாள். பஸ் டிரைவர் ஹார்ன்ல கை வச்சது வச்சபடி. பஸ்ஸுல பாதிப்பேர் சன்னல் வழியா தலையை நீட்டினாங்க. "மன்னிச்சுக்கம்மா"ன்னேன். "கேக்கல ஆசானே"ன்னாள். பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி, "மன்னிச்சுக்கம்மா!"ன்னு கத்தினேன். சாவியைப் போட்டாள், அரைக் கிளட்ச்சுல வண்டியைத் தாங்கிப் பிடிச்சாள், பூ மாதிரி எடுத்துட்டுப் போனாள்.

அவள் ஜெயிச்சுட்டாள். நான்தான் நொறுங்கிப்போனேன். இவ்வளவும் விளங்கினதுக்கப்புறமுமா? சாயங்காலம் ஆயத்த ஆராதனையில முழங்கால் போட்டு அதை அப்படியே சொல்லி அழுதேன். ஞாயித்துக்கிழமை காலையில போய் அதே பெஞ்சு, அதே ஓரம். ஐயர் பீடத்துல அப்பத்தை உயர்த்தி, எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டார். சீட்டு என் பேர்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியலை. எழும்பவே மாட்டேங்குது. முழங்காலை ஒதுக்கக்கூடத் தோணலை. என் பெஞ்சு ஆம்பளைங்க நாலு பேரும் எழும்பி, வெளியே வர வழியில்லாம வரிசையா நிக்கிறாங்க.

பெண்கள் பக்கத்திலிருந்து செல்வராணி நடுப்பாதையில வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். என் பெஞ்சுகிட்ட வந்ததும் நின்னாள். குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாள்:

"ஆசானே, கிளம்புங்க. பின்னாடி வண்டி நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. எழும்பிட்டேன். பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு, கை மேல கை வச்சு ஏந்தினேன். எச் போடும்போது எதிர்ப்பக்கம் ஒடிக்கிற அதே கையாலதான் ஐயர் என் உள்ளங்கையில அப்பத்தை வச்சார். எட்டு மாசத்துப் பசி எனக்கு.

செல்வராணி முதல் தேதியிலேயே பாஸாகி இப்ப பஞ்சாயத்து வண்டியில எங்க ஆபீஸைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு ஹார்ன் அடிச்சுட்டுப் போறாள், ஐயரும் ஒருவழியா எச் போட்டுட்டார், நான் இன்னைக்குக் காலையில ஒன்பதேகாலுக்குள்ள ஒருத்தரை ஏசிட்டு மன்னிப்பும் கேட்டாச்சு, ஆனா அந்தப் பாஸ் சீட்டு இன்னும் என் பேர்லதான் இருக்கு.